‘ஒண்ணுமே வரல மேடம்’: மருந்து ஆய்வுகளைத் தேடும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துத் தகவல் பிரிவில் இருக்கிறேன். வார்டிலிருந்து டாக்டர் ஒரு கேள்வி அனுப்புவார். பயிற்சிக்கு வந்திருக்கும் பார்ம்.டி (மருந்தியல் பட்டப்படிப்பு) பிள்ளைகள், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டைத் திறந்து தேடிப் பதில் கொண்டுவர வேண்டும். வருஷா வருஷம் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் அப்படியே இருக்கின்றன. நாங்கள் படித்த காலத்தில் செய்ததும் இவற்றைத்தான். எழுத்துப் பிழை மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அதைப் பெரும்பாலும் பப்மெட்டே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். தேடுகிறவருக்கே தெரியாமல் நடப்பவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

பிராண்டு பெயரைத் தட்டுவது

நம் பக்கத்து ஆச்சிமார் மருந்துப் பையைக் கவிழ்த்தால் பாதி இங்கே வாங்கியது, பாதி மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் கொண்டுவந்தது. அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை அப்படியே தேடுபெட்டியில் போட்டால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமில்லாதது வரும். ஒரே பிராண்டு பெயருக்குள் ஒரு நாட்டில் ஒரு மருந்தும் இன்னொரு நாட்டில் வேறு மருந்தும் இருப்பதுண்டு. நம்மூர் மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும், உள்ளே இன்னொரு மருந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஜெனரிக் பெயர்களைப் படியுங்கள். இரண்டு மருந்து இருந்தால் இரண்டையும் தனித்தனியே தேடுங்கள்.

ஃபில்டரைப் போட்டுவிட்டு மறப்பது

இதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதய வால்வு மாற்றிய ஒரு ஆச்சி, ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் சாப்பிடுகிறவர். காசநோய் கண்டு ரிஃபாம்பிசின் தொடங்கினார்கள். அதன் பிறகு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் ஏறவே மாட்டேன் என்கிறது. டாக்டர் கேட்டது இரண்டு: அசெனோகூமரால் அளவை எவ்வளவு கூட்ட வேண்டிவரும்? ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது என்ன ஆகும்? தேடப்போன தம்பி கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். “ஒண்ணுமே வரல மேடம். ஆதாரம் இல்லைன்னு எழுதிரவா?”

திரையைப் போய்ப் பார்த்தேன். இடது பக்கப் பட்டியில் மூன்று டிக். இலவச முழுக்கட்டுரை, கடந்த 5 ஆண்டுகள், மனிதர்கள். காலையில் வேறு ஏதோ கேள்விக்குப் போட்டது. புதிதாக ஒரு தேடலைத் தட்டினால் பழைய ஃபில்டர் தானாகப் போய்விடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகாது. நீங்களாக எடுக்கும்வரை அடுத்த தேடலுக்கும், அதற்கடுத்த தேடலுக்கும் அதே ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும். முடிவுகளுக்கு மேலே எந்தெந்த ஃபில்டர் போட்டிருக்கிறது என்று ஒரு சிறிய வரியில் காட்டும், பக்கத்திலேயே எல்லாவற்றையும் நீக்கும் பொத்தானும் இருக்கும். அந்த வரியைப் பார்க்கிற பிள்ளையை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். முகப்பில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, வளவையும் இரண்டாம் கட்டையும் எட்டிப் பார்க்காமல் ‘வீட்டில் ஆளில்லை’ என்று திரும்புகிற கதைதான்.

அந்த மூன்று டிக்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஐந்து ஆண்டு. ரிஃபாம்பிசின் கல்லீரல் என்சைம்களைத் தூண்டி, உறைவுத் தடுப்பு மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும் என்பது 1970களிலேயே எழுதப்பட்ட விஷயம். முடிந்துபோன விஷயத்தை மறுபடி யார் ஆராய்வார்கள்? மருந்து ஊடாட்டத்தில், அதாவது ஒரு மருந்து இன்னொன்றின் வேலையை மாற்றுவதில், அடிப்படைக் கட்டுரைகள் பலவும் இப்படிப் பழையவைதான். புதியது நல்லது, பழையது காலாவதி என்பது மாத்திரைக்குப் பொருந்தும், கட்டுரைக்குப் பொருந்தாது.

2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்ததை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்கிறேன். ஆஸ்துமா பற்றிய ஆய்வுக்குத் தானாக முன்வந்த 24 வயதுப் பெண், நல்ல ஆரோக்கியமாக இருந்தவர். ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை அவருக்கு மூச்சுவழி கொடுத்தார்கள். நுரையீரல் பழுதாகி ஜூன் 2ஆம் தேதி இறந்துபோனார். ஆய்வாளர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடத்தான் செய்தார். ஆனால் அன்றைக்கு அதில் 1966 முதலான கட்டுரைகள்தாம் இருந்தன. அந்த மருந்து நுரையீரலைக் கெடுப்பதைச் சொல்லும் கட்டுரைகள் 1950களில் வந்தவை. இப்போது பப்மெட்டின் மையத் தொகுப்பான மெட்லைன் 1946 வரை பின்னால் போகிறது. அன்று தரவுத்தளமே வைத்திருந்த வேலியை இன்று நம் பிள்ளைகள் தங்கள் கையாலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

இலவச முழுக்கட்டுரை. காசு கேட்கும் கட்டுரையைப் படிக்க முடியாதுதானே என்பார்கள். முதலில் அது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுருக்கத்திலேயே பாதி விஷயம் கிடைக்கலாம். கட்டுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பலர் அனுப்பிவைப்பார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான இதழ்கள் திறந்திருக்கின்றன. கிடைக்கிறதைத்தான் படிப்பேன் என்றால் சரி, ஆனால் கிடைத்ததுதான் உலகத்தில் உள்ளது என்று டாக்டரிடம் சொல்லக் கூடாது.

மனிதர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், எலியில் செய்த ஆய்வு நமக்கு எதற்கு என்று. இந்த ஃபில்டர் வேலை செய்வது கட்டுரைக்கு ஒட்டியிருக்கும் மெஷ் (அது எதைப் பற்றியது என்று குறிக்கும் பொருள் தலைப்பு) அடையாளத்தை வைத்து. பப்மெட்டில் 3.7 கோடிக்கும் மேல் பதிவுகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மெஷ் கிடையாது. மெட்லைனில் சேராமல், முழுக்கட்டுரைக் களஞ்சியமான பி.எம்.சி வழியாக மட்டும் வரும் கட்டுரைகளுக்கு அது இல்லை. நம் நாட்டு இதழ்கள் பலவும் அந்த வகை. ஆக, நம்மூர் நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட்டைத்தான் அந்த டிக் முதலில் தூக்கி எறியும். சுருக்கம் உள்ளவை மட்டும் என்றொரு டிக்கும் உண்டு. 1975க்கு முன்பு மெட்லைன் பதிவுகளில் சுருக்கம் சேர்க்கும் வழக்கமே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைத் தொடுங்கள்.

மூன்றையும் எடுத்துவிட்டுத் தேடினோம், கட்டுரைகள் வந்தன. அளவைக் கூட்ட வேண்டிவரும் என்பதோடு, ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு என்சைம் தூண்டல் சில வாரங்களில் அடங்கும்போது ஐ.என்.ஆர் மேலே பாயும் என்பதும் கிடைத்தது. எனக்குப் பயம் இந்த இரண்டாவதில்தான். கூட்டிய அளவைக் குறைக்காமல் விட்டால் ரத்தக்கசிவு. “ஆதாரம் இல்லை” என்று நாம் ஒரு வரி எழுதினால், வேலை நெருக்கடியில் இருக்கும் டாக்டர் அதை “ஊடாட்டம் இல்லை” என்றுதான் படிப்பார்.

எனவே முதல் தேடல் எந்த ஃபில்டரும் இல்லாமல். அதிகமாக வந்தால் சொற்களைக் கூட்டிக் குறையுங்கள். ஃபில்டர் கடைசியில், ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எத்தனை கட்டுரை விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போடுங்கள்.

மேற்கோள் குறி

துல்லியமாக இருக்கட்டும் என்று ரிஃபாம்பிசினை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுவது. அமெரிக்காவில் அதே மருந்துக்குப் பெயர் ரிஃபாம்பின், மெஷ் தலைப்பும் அதுதான். குறி இல்லாமல் தட்டினால் இரண்டும் ஒன்று என்று பப்மெட்டே சேர்த்துக்கொள்ளும். குறி போட்டதும் அந்த இணைப்பு அறுந்துவிடும், ரிஃபாம்பின் என்று மட்டும் எழுதிய கட்டுரைகள் காணாமல் போகும். சொல்லின் முடிவு எதுவானாலும் வரட்டும் என்று நட்சத்திரக் குறி போட்டாலும் இதே கதை. இரட்டைப் பெயர் இன்னும் உண்டு: சால்புடமாலுக்கு அல்பியூடரால், கிளைபென்கிளமைடுக்கு கிளைபுரைடு, பெதிடினுக்கு மெபெரிடின். அசெனோகூமராலையே பழைய பிரிட்டிஷ் கட்டுரைகளில் நிகூமலோன் என்பார்கள்.

சந்தேகம் இருந்தால் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், நீங்கள் தட்டியதை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று விவரத்தை விரித்துப் பாருங்கள். என் பிள்ளைகளுக்கு நான் போட்டிருக்கும் ஒரே கட்டாய விதி இதுதான்.

அடைப்புக்குறி போடாதது

பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும். ‘அசெனோகூமரால் ஆண்ட் (AND) ரிஃபாம்பின் ஆர் (OR) ரிஃபாம்பிசின்’ என்று விட்டால் ரிஃபாம்பிசின் பற்றிய அத்தனையும் வந்து குவியும். ‘ஆர்’ போட்ட சொற்களை அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

நாட்டு மருந்தைக் கேட்காமல் விடுவது

காசநோய் மாத்திரையால் கண் மஞ்சளாகிறது என்றால், டாக்டரிடம் வருவதற்கு முன்பே கீழாநெல்லி அரைத்துக் குடித்திருப்பார்கள். நோயாளியிடம் கேட்காவிட்டால் தேடவே மாட்டீர்கள். கேட்ட பிறகு தாவரப் பெயரால் தேடுங்கள். அதிலும் ஒரு பெயரோடு நிற்காதீர்கள். கீழாநெல்லிக்கு ஃபைலாந்தஸ் அமாரஸ், ஃபைலாந்தஸ் நிருரி இரண்டையும் பாருங்கள். வேறு வேறு செடிகள்தான், ஆனால் பழைய கட்டுரைகளில் ஒன்றை மற்றதாகக் குறித்திருப்பதுண்டு. கரிசலாங்கண்ணியும் எக்லிப்டா ஆல்பா, எக்லிப்டா ப்ரோஸ்ட்ராட்டா என்று இரண்டு பெயரில் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் பப்மெட்

பால் கொடுக்கும் தாய்க்கு இந்த மருந்து ஆகுமா என்றால் நேராக லாக்ட்மெட். கல்லீரல் பாதிப்பு என்றால் லிவர்டாக்ஸ். இரண்டும் இலவசம். வேறொருவர் ஏற்கெனவே படித்துத் தொகுத்து வைத்திருப்பதை நீங்கள் ராத்திரி உட்கார்ந்து மறுபடி தொகுக்க வேண்டாம். பழைய பாடக் குறிப்புகளில் டாக்ஸ்நெட் என்ற நச்சியல் தரவுத்தளம் இருக்கும், அது 2019 டிசம்பரிலேயே மூடியாயிற்று.

தலைப்போடு நிறுத்துவது

வலிக்குக் கொடுக்கும், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது என்ற தலைப்பில் 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியக் கடிதம் ஒன்று வந்தது. அது மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றியது. அதை 600க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பதாக 2017இல் எண்ணிச் சொன்னார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஓபியாய்டு பயமில்லாதது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டியவை. ஐந்து வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதழ் திரும்பப் பெற்ற கட்டுரையைக் கவனிக்காதது

பதிவின் மேலேயே எச்சரிக்கை இருக்கும். பாருங்கள்.

தேடியதை எழுதி வைக்காதது

எட்டு மணி நேரம் தொடாமல் விட்டால் பப்மெட் உங்கள் தேடல் வரலாற்றை அழித்துவிடும். தேதி, தட்டிய வரி, வந்த எண்ணிக்கை மூன்றையும் பதிலோடு சேர்த்து எழுதுங்கள். டாக்டர் மறுநாள் கேட்பார்.