முதலில் க்ராப், கடைசியில் கிரெயின்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ஒரு வருடம் ரதியும் மன்மதனும் ஆடுவதை போனில் எடுத்தேன். அந்தப் படத்தின் இடது ஓரத்தில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் என் அப்பாயி (அப்பாவின் அம்மா) வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. அவர் போனபிறகு 16ஆம் நாளுக்குப் படம் தேடும்போதுதான் கண்டேன். அடையாள அட்டைப் படத்தை விட்டால் அப்பாயிக்கு அது ஒன்றுதான்.

டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். முகத்தை மெழுகுபோல வழவழப்பாக்கி, பின்னால் நீல வானத்தை ஒட்டித் தந்தார்கள். பெரியம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாருடா? நம்ம ஆளு இல்லயே" என்று திருப்பித் தந்துவிட்டது. அன்று இரவு நானே உட்கார்ந்தேன். படத்தை வெட்டுவது (க்ராப்), கடைசியில் அதன்மேல் மணிமணியான தோற்றம் (கிரெயின்) போடுவது என்று அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மூலப் படத்தை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியில் வேலை செய்யாதீர்கள். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது.

அடுத்தது சாய்வை நேராக்குவது. எடிட்டிங் சொல்லித்தருபவர்கள் அடிவானத்தைப் பார்த்து நேராக்கச் சொல்வார்கள். நம் பக்கம் அடிவானம் எங்கே இருக்கிறது? மலைச்சரிவும் தேயிலை நிரையும் எப்போதும் சாய்ந்துதான் கிடக்கும். அதை மட்டமாக்கினால் ஆட்கள் விழப்போவது போலத் தெரிவார்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தூண், கதவு நிலை, லைட் கம்பம் என்று செங்குத்தாக நிற்கும் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு கூத்துப் பந்தலின் மூங்கில் உதவியது. படத்தைத் திருப்பினால் மூலைகள் கொஞ்சம் பறிபோகும். அதனால் இதைச் செய்தபிறகே வெட்டுங்கள்.

வெட்டுவதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். முதலில் முகத்தை மட்டும் நெருக்கி வெட்டினேன். அடையாள அட்டைப் படம் போலவே ஆகிவிட்டது. அப்பாயி எதையோ பார்த்துச் சிரிக்கிறார். பார்க்கிற பக்கத்தில் வெற்றிடம் இல்லாததால் சிரிப்புக்குக் காரணமே இல்லாமல் போனது. வலப்பக்கம் இடம் விட்டேன், சிரிப்புத் திரும்பி வந்தது. தெரியாமல் எடுத்த படத்தில் ஆள் நம்மைப் பார்ப்பதில்லை. அவர் பார்வை போகிற திசையை வெட்டிவிட்டால் படம் செத்துவிடும்.

அப்பாயி தோளில் ஒரு கை கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் கை, முழங்கைக்கு மேல் படத்தில் இல்லை. தனிப்படம்தானே என்று அதை நீக்கப் பார்த்தேன். பெரியம்மா, "அது என் கைடா. விழுந்துருமேன்னு புடிச்சிருந்தேன், இருக்கட்டும்" என்றது. விட்டுவிட்டேன். இப்போது அந்தக் கை இல்லாமல் அந்தப் படத்தை நினைக்கவே முடியவில்லை. ஓரத்தில் நிற்கும் மஞ்சள் கேன், தலைக்குப் பின்னால் முளைத்த கம்பி இவற்றைத் தயங்காமல் நீக்குங்கள். கை, கூடை, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குத் துணி ஆகியவற்றை வெட்டுமுன் அந்த ஆளையோ வீட்டாரையோ கேளுங்கள். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளில் வெட்டுக்கோடு விழவேண்டாம். ஊனம் போலத் தெரியும். மூட்டுக்குச் சற்று மேலோ கீழோ வெட்டுங்கள்.

வெட்டுவதே தவறு என்பவர்கள் உண்டு. வெட்டுவதை அவ்வளவு வெறுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோனும், 1932இல் பாரிஸில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனை வேலிச் சந்து வழியாக எடுத்த படத்தை வெட்டித்தான் வெளியிட்டார். தேவையென்றால் வெட்டலாம்.

எவ்வளவு வெட்டலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளிகள். 6க்கு 4 அங்குலப் பிரின்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800க்கு 1200 போதும். ஆக, நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினாலும் சின்னப் பிரின்ட் நன்றாகவே வரும். போன் படம் 4:3, பிரின்ட் 3:2 என்பதை மறக்காதீர்கள். நீங்களே 3:2இல் வெட்டாவிட்டால் கடை மெஷின் தலையை வெட்டிவிடும்.

என் வெட்டு மிகச் சிறியது. 800க்கு 1200தான் மிஞ்சியது. வீட்டில் கேட்டது 8க்கு 12 அங்குலம், அதாவது அங்குலத்துக்கு வெறும் 100 புள்ளி. இங்கேதான் கிரெயின் கைகொடுத்தது.

பழைய ஃபிலிமில் கிரெயின் என்பது வெள்ளி உப்புப் படிகங்கள் கழுவும்போது கறுத்து உண்டாகும் மணிமணியான தோற்றம். போனில் இருட்டில் வருவது வேறு. சென்சார் போடும் புள்ளிகளைப் போனே துடைக்கப் பார்த்து, கூடவே தோல் சுருக்கத்தையும் துடைத்துவிடும். ஆங்காங்கே பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக நிற்கும். திட்டு மோசமென்றால் கருப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். துடைபட்ட சுருக்கத்தைக் கிரெயினால் திருப்பித் தரமுடியாது. ஆனால் வழவழப்பின்மேல் சீரான மணிகள் விழும்போது கண் அதைத் தோலாக ஏற்றுக்கொள்கிறது.

பெரிதாக்குவதானால் கிரெயினுக்கு முன்பே பெரிதாக்குங்கள். முதலில் போட்டுவிட்டுப் பெரிதாக்கினால் மணிகள் ஊறிய சவ்வரிசி போல உப்பிவிடும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற கணினி மென்பொருளில் 2400க்கு 3600 ஆக்கி, வெளிச்சத்தைச் சரிசெய்தேன். மேலே ஒரு புதிய லேயர் (படத்தின்மேல் விரிக்கும் தனி அடுக்கு) வைத்து, பாதிச் சாம்பல் நிறம் நிரப்பி, அதன் மோடை ஓவர்லே ஆக்கி, புள்ளி தூவும் ஆர்ஜிபி நாய்ஸ் ஃபில்டரைப் போட்டேன். அதில் மூன்று நிறமும் தனித்தனியாக மாறும் தெரிவை (Independent RGB) நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் வண்ணப் பொடி தூவியதுபோல் ஆகும். பிறகு அந்த லேயரை ஒரு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கினால் மணிகள் மென்மையாகும். மணிகள் கூடிப்போனால் லேயரின் ஒபாசிட்டியை (அடர்த்தியை) குறைத்துக்கொள்ளலாம்.

பெரிதாக்கத் தேவையில்லையென்றால் போனே போதும். ஸ்னாப்சீடில் கிரெய்னி ஃபிலிம் இருக்கிறது. லைட்ரூமில் கிரெயினுக்கு அளவு (Amount), பருமன் (Size), கரடு (Roughness) என்று மூன்று ஸ்லைடர்கள். பருமனைக் குறைவாக வைத்து, அளவைக் கண்ணுக்குத் தெரியும்வரை கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் இழுங்கள். முழுப் பெரிதாக்கி ஒருமுறை, கை நீட்டும் தூரத்தில் ஒருமுறை பாருங்கள்.

பனிமூட்டப் படங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. கான்ட்ராஸ்ட் கூட்டினால் வெள்ளைப் பனியில் படிக்கட்டு போலக் கோடுகள் விழும். மெல்லிய கிரெயின் அந்தப் படிகளைக் கலைத்துவிடும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் எடுத்த படங்களுக்கு இதை எப்போதும் செய்கிறேன்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் மணிகள் கட்டம் கட்டமாகக் குழம்பும். பிரின்டுக்குப் பென்டிரைவில் கொண்டுபோய், முகத்தைத் தொடாமல், மெஷினின் தானியங்கித் திருத்தத்தையும் நிறுத்திவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பளபளப்பில்லாத மேட் பேப்பர் கேளுங்கள். பிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கவேண்டும். நம்மூர் ஈரத்துக்குப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தெடுக்க முடியாது.