சனிக்கிழமை மேட்ச்: லண்டனில் தெரியாது, ஹட்டனில் தெரியும்

லண்டனில் இருக்கும் மாமா மகன் சனிக்கிழமை ராத்திரி போன் எடுத்து, "மச்சான், மேட்ச்சை வீடியோ கோலில் காட்டுடா" என்று கெஞ்சினால் ஆச்சரியப்படாதீர்கள். ஸ்டேடியம் அவன் வீட்டுக்குப் பக்கத்தில், ஆனால் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தை அந்த நேரம் டீவியில் பார்க்க முடிவது இலங்கையில் ஹட்டன் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிற நமக்குத்தான்.

முதலில் நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள். அங்கே பின்னேரம் 3 மணி என்றால் நமக்கு ராத்திரி 8.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவார்கள், அப்போது 7.30. இதை மறந்து முதல் பாதியைக் கோட்டைவிட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

அப்புறம் டிஷ். அது பார்க்கும் திசையில் மரக்கிளை வளர்ந்திருந்தால் மேட்ச் நாளுக்கு முன்பே வெட்டிவிடுங்கள், காற்றில் அசையாமல் நட்டை இறுக்குங்கள். அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ரிமோட்டைத் தட்டிப் பிரயோசனமில்லை, மழைத்துளி சிக்னலை உறிஞ்சுகிறது, குறையும்வரை பொறுக்கத்தான் வேண்டும். இடி நெருங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், கோலை விட டீவி பெரிது. போனில் பார்ப்பவர்கள் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணிவிடுங்கள். போன் படம் டிஷ்ஷை விடப் பிந்தி வரும், கோல் விழுமுன்பே பக்கத்து லயத்துப் பயல் "கோல்ல்ல்" என்று போட்டுவிடுவான்.

சரி, அவன் டீவியில் ஏன் மேட்ச் காட்டுவதில்லை என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். 1960களில் பர்ன்லி கழகத் தலைவர் பொப் லோர்ட், பெரிய அணிகளை டீவியில் காட்டினால் சின்னக் கழகங்களின் மேட்ச்சுக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள் என்று பயந்தார். அந்தப் பயம்தான் இன்றும் விதியாக நிற்கிறது: சனிக்கிழமை பின்னேரம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் டீவியில் நேரடி உதைபந்தாட்டம் கிடையாது. 2020இல் கொரோனாவால் மைதானங்கள் காலியானபோது அதைத் தளர்த்தினார்கள்.

என்னைக் கேட்டால், பிரீமியர் லீக்குக்கு இது காலாவதியான விதி. ஜெர்மனியில் சனிக்கிழமை பின்னேர ஆட்டங்களை நேரடியாகக் காட்டுகிறார்கள், அங்கே மைதானமும் நிரம்புகிறது. இங்கிலாந்திலும் வீட்டில் காட்டாவிட்டால் ஆள் மைதானத்துக்கா போகிறான், திருட்டு லிங்க் தேடுகிறான். ஆனால் கேட் காசை நம்பி ஓடும் கீழ் லீக் கழகங்களின் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். நம் தோட்டத்து கிரவுண்டில் பின்னேரம் மேட்ச் நடக்கும்போது டீவியில் பெரிய ஆட்டம் ஓடினால் கோட்டுக்கு வெளியே எத்தனை பேர் நிற்பார்கள்? நமக்கு அது ராத்திரியில் வருவதால் தப்பித்தோம்.

இதையெல்லாம் விளக்கிய பிறகும் அவன் வீடியோ கோல் கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள். 90 நிமிஷத்தில் உங்கள் டேட்டா முடிந்துவிடும், அவன் ரீலோட் போடமாட்டான்.