பாட்டிலில் பால் கொடுக்கும்போது

குழந்தையைப் படுக்கவைத்துப் பால் கொடுக்காதீர்கள். தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துப் பிடித்து, பாட்டிலைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வையுங்கள். நிப்பிளின் முனையில் பால் நிறைந்திருந்தால் போதும். இப்படிப் பிடித்தால் பால் மடமடவென்று இறங்காது, குழந்தை தன் வேகத்தில் உறிஞ்சி நடுநடுவே மூச்சு வாங்கிக்கொள்ளும். கடைவாயில் பால் வழிந்தாலோ, விரல்களை விரித்து முகத்தைத் திருப்பினாலோ உடனே பாட்டிலைத் தாழ்த்திச் சற்று நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம்தானே என்று மிச்சத்தைத் திணிக்க வேண்டாம்.

அப்புறம், தலையணையில் பாட்டிலை முட்டுக்கொடுத்துவிட்டு நகரவே கூடாது; மூச்சு அடைத்தால் குழந்தையிடமிருந்து சத்தம்கூட வராமல் போகலாம். பாலை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், ஓரிடத்தில் மட்டும் கொதித்து வாயைச் சுட்டுவிடும். குடிக்கத் தொடங்கி 1 மணி நேரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிடுங்கள். எச்சில் கலந்த பாலில் கிருமிகள் பெருகும்.