தொழில் நடத்தும் பெண்கள் அமைப்பில் சேர: கொங்குப் பகுதிக்கான கையேடு

தொழில் தொடங்கப் பயிற்சி தருகிற குழுக்கள் வேறு. ஐந்தாறு வருடமாகத் தொழில் ஓடி, ஆள் வைத்து, மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்கான அமைப்புகள் வேறு. இந்த இரண்டாவது வகையில் படிவம் நிரப்பினால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. நேரில் பார்த்து, கேட்டு, காகிதத்தைப் புரட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். தொழில் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியில்தான் பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. அந்தக் காகிதங்களைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், வேலையை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் எந்த வகை அமைப்பு என்று முடிவுசெய்யுங்கள்

ஒன்று, சேம்பர் வகை. இந்தியத் தொழில் வர்த்தக சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கியின் பெண்கள் பிரிவு ஃப்ளோ 1983-இல் தொடங்கியது, கோவையில் அதற்குக் கிளை உண்டு. பெண்களுக்கு மட்டும் என்றில்லாமல், 1929-இல் தொடங்கிய கோவை இந்தியத் தொழில் வர்த்தக சபை, 1969-இல் வந்த கொடிசியா (கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கம்), 1990-இல் வந்த திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் போன்றவையும் இருக்கின்றன. கண்காட்சியில் ஸ்டால், அதிகாரிகளோடு சந்திப்பு, புதுச் சட்டம் வந்தால் விளக்கக் கூட்டம் ஆகியவற்றுக்கு இந்த வகை போதும்.

இரண்டாவது, ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் ரெஃபரல் வகை. பி.என்.ஐ. இதற்குத் தெரிந்த உதாரணம். ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாராவாரம் கூட்டம். சில்லறை விற்பனை, இன்டீரியர், கேட்டரிங், ஆடிட்டிங் போன்ற உள்ளூர்த் தொழில்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். வெளிநாட்டுக்கு மட்டும் சரக்கு அனுப்புகிறவருக்கு உள்ளூர் ரெஃபரலால் பெரிய லாபமில்லை.

மூன்றாவது, சகாக்கள் வட்டம். பத்துப் பேர் வரை மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் பிரச்சினையை மற்றவர்கள் கேட்பது. 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய இ.ஓ. (தொழில்முனைவோர் அமைப்பு) என்பதன் ஃபோரம் முறை இப்படிப்பட்டது. அதில் சேர ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வருவாய் வேண்டும், ஆண்களும் இருப்பார்கள். பெண்களுக்கு மட்டுமான உமன் பிரெசிடென்ட்ஸ் ஆர்கனைசேஷன் 1997-இல் வந்தது. உள்ளூரில் இதே முறையில் சிறிய வட்டங்கள் அமைவதுண்டு, வருவாய் வரம்பை அவரவர் வைத்துக்கொள்வார்கள். எங்கள் கணிப்பில், பத்து வருடம் தாண்டிய தொழிலுக்கு அதிகம் பயன்படுவது இந்த மூன்றாவது வகைதான். வங்கி மேனேஜரிடமும் வீட்டிலும் பேச முடியாததைப் பேச வேறு இடம் இருப்பதில்லை.

பெயரில் யார், பிடியில் யார்

பெரும்பாலான அமைப்புகள் 51 சதவீதப் பங்கு பெண்ணிடம் இருக்க வேண்டும் என்று கேட்கும். வீகனெக்ட் இன்டர்நேஷனல் போன்ற சான்றளிக்கும் அமைப்புகள் உடைமையோடு நிர்வாகமும் கட்டுப்பாடும் பெண்ணிடம்தானா என்றும் பார்க்கும். 2025 மார்ச் வரை இருந்த அரசின் ஸ்டாண்ட்-அப் இந்தியா கடனுக்கும் 51 சதவீதம்தான் கணக்காக இருந்தது. மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்கள் நடத்தும் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது. ஆகவே இந்தக் காகித வேலை சங்கத்தோடு முடிந்துவிடுவதல்ல.

தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் சுலபம். உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்றிதழில் உங்கள் பெயர், பாலினம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உத்யம் பதிவு இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர்தான்.

பார்ட்னர்ஷிப்பில்தான் சிக்கல். கணவனும் மனைவியும் ஆளுக்குப் பாதி, ‘மேனேஜிங் பார்ட்னர்’ கணவர், வங்கியில் கையெழுத்தும் அவரே என்று பத்திரம் எழுதியிருப்பது நம் பக்கம் சாதாரணம். 50-50 இருந்தால் 51 ஆகாது, அவ்வளவுதான். மாற்ற வேண்டுமானால் துணைப் பத்திரம் எழுதி, ஃபர்ம் பதிவாகியிருந்தால் பதிவாளரிடம் தெரிவித்து, பார்ட்னர் மாற்றம் இருந்தால் 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவிலும் திருத்தி, பிறகு வங்கிக்குக் கொடுக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் வங்கி திருப்பி அனுப்பும். பிரைவேட் லிமிடெட் என்றால், பங்கு காகித வடிவில் இருக்கும்போது எஸ்.எச்.-4 படிவத்தில் பங்கு மாற்றம். கணவர் தம் பங்கை இலவசமாக மனைவிக்கு மாற்றினால், அதற்கு வரும் டிவிடெண்ட் வருமான வரிக்குக் கணவர் கணக்கிலேயே சேரும். ஆடிட்டரிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். உறுப்பினர் அட்டைக்காக மட்டும் பங்கை மாற்றுவது வேண்டாத வேலை. நிர்வாகம் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்து, பத்திரம் மட்டும் பின்தங்கியிருந்தால் மாற்றலாம்.

டர்ன்ஓவர் கணக்கில் வரும் குழப்பம்

டர்ன்ஓவர் என்றால் ஜி.எஸ்.டி. வரியைக் கழித்த விற்பனை. இதை வரியோடு சேர்த்து எழுதிவிட்டு, பிறகு ஆடிட்டர் கணக்கோடு ஒத்துப்போகாமல் திணறுகிறார்கள்.

ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு இது வேறு மாதிரி இடிக்கும். டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி யூனிட்டில் துணி வேறொருவருடையது, உங்கள் கணக்கில் வருவது கூலி மட்டும். முப்பது பேர் வேலை செய்யும் யூனிட்டின் டர்ன்ஓவர், நூல் வாங்கி விற்கும் ஒற்றை ஆள் கடையைவிடக் குறைவாகத் தெரியலாம். அமைப்பு வெறும் டர்ன்ஓவர் வரம்பு வைத்திருந்தால், விண்ணப்பத்தோடு ஆட்கள் எண்ணிக்கை (பி.எஃப். சலான் நகல்), மெஷின் பட்டியல், மாதம் எத்தனை கிலோ அல்லது மீட்டர் ஓடுகிறது என்பதையும் தனித் தாளில் வையுங்கள். புரிந்த குழு ஏற்றுக்கொள்ளும்.

குடும்பத்துக்கு மூன்று ஃபர்ம் இருந்தால் மூன்றையும் கூட்டிச் சொல்லக் கூடாது. உங்களுக்கு 51 சதவீதம் இருப்பது எதுவோ அதன் கணக்கு மட்டும்தான் எடுபடும்.

ஃபைலில் என்னென்ன

உத்யம் சான்றிதழ், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், கடைசி மூன்று வருட வருமான வரி ரிட்டர்னும் லாப நட்டக் கணக்கும், ஜி.எஸ்.டி. ஆண்டு ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-9 (இல்லாவிட்டால் அவ்வப்போது போடும் 3பி ரிட்டர்ன்), பான், பத்திரம் அல்லது பங்குப் பட்டியல், யார் கையெழுத்துப் போடலாம் என்ற வங்கிக் கடிதம். டர்ன்ஓவர் சான்றிதழ் கேட்டால் ஆடிட்டரிடம் யு.டி.ஐ.என். எண்ணோடு வாங்குங்கள். சான்றிதழ் உண்மையா என்று சரிபார்க்க உதவும் 18 இலக்க எண் அது, அது இல்லாத சான்றிதழைத் திருப்பிவிடுவார்கள்.

பெயர்ப் பொருத்தத்தை முதலிலேயே பாருங்கள். ஆதாரில் அப்பா இனிஷியல், பானில் அப்பாவின் முழுப் பெயர், பத்திரத்தில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். ஆதாரையும் பானையும் ஒன்றாக்கிவிட்டால் மற்றவை பின்னால் வரும்.

தொழில் அறிமுகம் ஒரு பக்கம் போதும். ‘முன்னணி நிறுவனம்’, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ எல்லாம் யாரும் படிக்கமாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: “வெள்ளகோவில் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலை, 2014 முதல். 22 பேர். மாதம் 40 டன் கொப்பரை, 25 டன் எண்ணெய். பாதி பெரிய டின்னில் மொத்த வியாபாரம், பாதி சொந்த பிராண்டில் கடைகளுக்கு. பாக்கி வசூலாக 50 நாள். அடுத்த வேலை: பேக்கிங் லைன்.” ஐந்து வரியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

விருந்தினராகப் போய்ப் பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கூட்டமாவது விருந்தினராகப் போங்கள். ஒரு கூட்டம் போதாது, அன்று நல்ல பேச்சாளர் வந்திருந்தால் எல்லாமே நன்றாகத் தெரியும். சொன்ன நேரத்துக்குத் தொடங்குகிறதா? பேசுவது எப்போதும் அதே நாலு பேரா? சால்வை, போட்டோ, விருது இவற்றிலேயே பாதி நேரம் போகிறதா? உறுப்பினர் வராமல் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறாரா? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் சந்தாவைப் புதுப்பித்தார்கள் என்று செயலாளரிடமே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே விடை.

கூட்ட நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பூர்க்காரருக்குச் சனிக்கிழமை சம்பள நாள், அன்று மதியக் கூட்டம் என்றால் வருடம் முழுக்க ஆப்சென்ட்தான். காலை ஏழு மணிக்குக் கோவையில் என்றால் ஈரோட்டிலிருந்து வருகிறவர் நாலரைக்கு எழ வேண்டும். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் கூட்டத்தைத் தள்ளிவைக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ரெஃபரல் குழுவில் வருகைப்பதிவு கண்டிப்பானது. பதிலுக்கு ஆள் அனுப்பலாம், ஆனால் அப்படி வருகிறவருக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளூர்ச் சங்கம் என்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானதா, போன வருடத் தணிக்கைக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்பட்டதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சந்தாவைத் தலைவியின் சொந்த ஜிபேக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முன்மொழிபவரும் போட்டியும்

இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும் என்று பல இடங்களில் விதி. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், இருந்தாலும் சம்பந்தி முறையில் கிடைத்த முன்மொழிவைவிட உங்களிடம் சரக்கு வாங்கியவர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் உங்களைப் போட்டி என்று மறுக்கலாம். ‘பனியன் கம்பெனி’ என்று எழுதினால் திருப்பூரில் எல்லாரும் போட்டிதான். ‘குழந்தைகள் இரவு உடை, ஐரோப்பிய ஏற்றுமதி’ என்று குறுக்கி எழுதுங்கள். ஒரே பையருக்கு (சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு) சரக்கு கொடுப்பவர்கள், ஒரே ஏரியாவில் டெய்லர்களை இழுத்துக்கொள்பவர்கள் ஒரே வட்டத்தில் உட்காராமலிருப்பது இருவருக்குமே நல்லது. அப்படியிருந்தால் வேறு வட்டம் கேளுங்கள்.

நேர்காணல்

அரைமணி நேரம், மூன்று பேர். போன வருட டர்ன்ஓவர், நிகர லாப சதவீதம், பெரிய வாடிக்கையாளர் மொத்த விற்பனையில் எத்தனை பங்கு, பாக்கி எத்தனை நாளில் வருகிறது, கடன் பாக்கி, மாத சம்பளச் செலவு என ஆறு எண்ணும் தாளைப் பார்க்காமல் வர வேண்டும். “அதெல்லாம் அவருதானுங்க பாத்துக்கறாரு” என்ற ஒரு வாக்கியத்தில் நேர்காணல் முடிந்துவிடும், மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்காரர் மார்க்கெட்டிங் பார்ப்பதில் தப்பில்லை. விலை யார் முடிவுசெய்கிறார், செக்கில் யார் கையெழுத்து, ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் யார் என்று மூன்றுக்கும் ‘நான்’ என்று சொல்ல முடிந்தால் போதும்.

சகாக்கள் வட்டமானால் ரகசியம் காப்பேன் என்று எழுதி வாங்குவார்கள். அங்கே அறிவுரை சொல்லும் பழக்கம் கூடாது. “நீங்க இப்படிப் பண்ணுங்க” என்பதற்குப் பதில் “எங்களுக்கு இது வந்தப்ப நாங்க இப்படிப் பண்ணினோம், இவ்வளவு போச்சு” என்று பேச வேண்டும். சொந்தக்காரப் பெண்களாக இருந்தால் இதைக் காப்பாற்றுவது கஷ்டம், அதனால்தான் ஒரே குடும்பத்தில் இருவரை ஒரே வட்டத்தில் போடுவதில்லை.

பணம்

சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, கூட்டச் சாப்பாடு, வெளியூர்ப் பயணம் நான்கையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். சந்தா குறைவாகத் தெரியும் இடத்தில் மற்ற மூன்றும் அதைத் தாண்டும். வழக்கமாகச் சந்தாவுக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். ஃபர்ம் கணக்கிலிருந்து கட்டி, உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். கிளப் உறுப்பினர் கட்டணத்துக்கு இன்புட் கிரெடிட் (கட்டிய ஜி.எஸ்.டி.யை நீங்கள் செலுத்தும் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது, தொழில் சங்கச் சந்தா அந்த வகையில் வருமா என்பதை ஆடிட்டர் பார்க்கட்டும். சந்தா ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றால் ஜனவரியில் சேர்வோருக்குக் கழிவு உண்டா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

சேர்ந்தபின் முதல் மூன்று மாதம் யாரிடமும் சரக்கு விற்கப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று உறுப்பினர்களின் யூனிட்டுக்குப் போய்ப் பாருங்கள், உங்களுடையதற்கும் அழையுங்கள். பொறுப்பு கொடுத்தால் சிறியதாக எடுங்கள், பொருளாளர் பதவி முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். உறுப்பினர்களுக்குள் சீட்டு, கைமாற்று, ஜாமீன் கையெழுத்து மூன்றும் கூடாது. ஒரு சீட்டு உடைந்தால் அமைப்பே இரண்டாகிவிடும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். டர்ன்ஓவர் என்றால் அடுத்த ரிட்டர்னுக்குப் பின், பத்திரம் என்றால் திருத்திய நகலோடு மறுபடி கொடுக்கலாம். சேர்ந்து ஒரு வருடத்தில் பயனில்லை என்று தெரிந்தாலும் சும்மா நின்றுவிடாதீர்கள். மார்ச் 31-க்கு முன் விலகல் கடிதம் கொடுத்து, பாக்கியில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் கொடுக்காவிட்டால், விதிமுறையைப் பொறுத்து அடுத்த வருடச் சந்தாவும் உங்கள் பேரில் ஏறலாம்.