ஆட்டு இதயத்தை வீட்டில் வெட்டிப் பார்க்கலாம்: இடம் வலம் மாறாமல்

ஓ/எல் படிக்கிற மகள் இதயத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவாள். இடது இதயவறையின், அதாவது கீழ் அறையின், சுவர் ஏன் தடிப்பு என்று கேட்டால் முழிப்பாள். நானும் முழித்தேன். ஆட்டிதயத்திலும் நமக்கிருப்பதுபோல் நான்கு அறை, நான்கு வால்வு. அதனால் வெள்ளவத்தையில் இறைச்சி வாங்கப் போனபோது ஒன்று சேர்த்து வாங்கினேன்.

1. கடையிலேயே "நானா, மேல குழாயெல்லாம் அப்படியே இருக்கட்டும், கத்தி வைக்க வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். முதல்முறை நான் சொல்லவில்லை. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருநாடியே இல்லாத இதயம்தான் வீட்டுக்கு வந்தது.

2. குழாய்க்குள் தண்ணீர் விட்டு, உறைந்த இரத்தத்தைக் கழுவுங்கள்.

3. நான் சறுக்கியது இங்கேதான். இதயத்தை மேசையில் வைத்து, என் வலக்கைப் பக்கம் இருந்ததற்கு "வலது" என்று பெயரிட்டேன். எல்லாமே தலைகீழ். எதிரே நிற்கிற ஆளின் இடக்கை நம் வலக்கைக்கு நேரேதானே வரும்? கொழுப்புப் படிந்த சரிவான பள்ளம் தெரிகிற முன்பக்கத்தை உங்களைப் பார்க்க வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் அமுக்குங்கள். கல்லுப்போல் இருப்பது இடது, கீழ்நுனியும் அதனுடையதே. தொளதொளப்பது வலது.

4. வெட்டுமுன் பெருநாடிக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று சின்னப் பைகள் உப்பி, ஒன்றோடொன்று முட்டி மூடும். அதுதான் அரைமதி வால்வு.

(பிற்சேர்க்கை: தண்ணீர் நிற்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். மடமடவென்று இறங்கினால் வால்வில் கடைக்காரரின் கத்தி பட்டிருக்கும். மெதுவாகக் கசிந்தால் பழுதில்லை. வால்வுக்குச் சற்று மேலே இரண்டு துளைகள் இருக்கின்றன. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளின் வாய் அவை. அந்த நாடிகள் அடைபட்டால்தான் மாரடைப்பு.)

5. இனி வெட்டலாம். கத்தி வேண்டாம், வால்வைக் கிழித்துவிடும். முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் என் தேர்வு. வழி தேட ஈர்க்கு, பென்சில் எதுவும் தேவையில்லை, சுண்டுவிரல் போதும். இரண்டு பக்கமும் சோணையறையிலிருந்து, அதாவது மேல் அறையிலிருந்து, கீழ்நோக்கி வெட்டுங்கள். வால்வின் இதழ்களைத் தையல்நூல் போன்ற வெள்ளை நாண்கள் பிடித்திருக்கும். ஒன்றை இழுத்துப் பாருங்கள், லேசில் அறாது. இதயவறை சுருங்கும்போது இதழ்கள் மேலே புரளாமல் தடுப்பவை இவைதான்.

இப்போது இரண்டு சுவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் வெட்டிய இதயத்தில் இடது மூன்று மடங்கு தடிப்பு. இடது கூடுதலான இரத்தம் தள்ளுகிறது என்றுதான் மகள் நினைத்திருந்தாள். அப்படியில்லை. ஓய்வாக இருக்கும் மனிதரில் இரண்டு பக்கமும் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் தள்ளுகின்றன. வலதுக்கு நுரையீரல் வரை போனால் போதும், வெள்ளவத்தையிலிருந்து பக்கத்திலுள்ள பம்பலப்பிட்டிக்குப் போவது மாதிரி. உச்சியிலிருந்து பாதம் வரை அனுப்புவது இடதின் வேலை, அது யாழ்ப்பாணப் பயணம். சுருங்கும்போது இடதில் 120 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம் என்றால், வலதில் 25 அளவுதான்.

கடைசியாக, இதைக் கறி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சுத்தமான பலகையில் வெட்டி, உடனே சமைப்பதென்றால் வைக்கலாம். நாங்கள் மிளகு போட்டுப் பிரட்டினோம். மகள் மட்டும் அன்றைக்குப் பருப்போடு நிறுத்திக்கொண்டாள்.