பாரோசாவுக்குக் கிளம்பும் சேலத்துக்காரர்களுக்கு: முன்பதிவு இல்லாமல் நுழையக்கூடிய ஒயினரிகள்

பல ஆண்டுகள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வாழ்ந்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பிய என்னிடம், அஸ்தம்பட்டியிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பிள்ளைகளை அங்கே அனுப்பிவைக்கும் குடும்பத்தார் வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, பாரோசா பள்ளத்தாக்கைப் பற்றியும் தயக்கத்தோடு கேட்கிறார்கள். நகரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் அந்தத் திராட்சை நாட்டுக்கு, புதிதாகக் குடியேறியவர்களை உடன் வேலை செய்பவர்கள் கட்டாயம் அழைப்பார்கள். பிறகு ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது நீங்களே அழைத்துப் போவீர்கள். ஆகவே எந்த ஒயினரிக்கு, அதாவது ஒயின் தயாரிக்கும் இடத்துக்கு, போவது என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்திருப்பது நல்லது.

ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூடத்தை அங்கே 'செல்லர் டோர்' என்பார்கள். பெரும்பாலானவை காலை பத்து அல்லது பதினொரு மணிக்குத் திறந்து மாலை நான்கு அல்லது ஐந்துக்கு மூடிவிடும். சிறியவை பல வாரஇறுதியில் மட்டுமே திறந்திருக்கும். சொல்லாமல் வருபவர்களை ஏற்கும் இடங்களில் 'வாக்-இன்ஸ் வெல்கம்' என்று வாசலிலோ இணையப் பக்கத்திலோ எழுதியிருப்பார்கள். ஆனால் ஆறு பேருக்கு மேற்பட்ட கூட்டத்தை அவர்களும் முன்பதிவின்றி ஏற்பது அரிது. இரண்டு குடும்பங்களாகக் கிளம்பினால் காலையிலேயே ஒரு தொலைபேசி அழைப்பு போதும்; அதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

பெயர் பெற்ற பெரிய ஒயினரி ஒன்றையும் குடும்பமாக நடத்தும் சிறிய ஒயினரி ஒன்றையும் ஒரே நாளில் பார்ப்பதே என் பரிந்துரை. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பெரியதற்கு நான் எப்போதும் செப்பெல்ட்ஸ்ஃபீல்டைச் சொல்வேன். 1851-இல் தொடங்கிய அந்த இடத்தில், 1878 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பீப்பாய் ஒயினை நூறாண்டு காக்கவென்று ஒதுக்கி வைத்து வருகிறார்கள். அவரவர் பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்து சுவைக்கத் தரும் சுற்றுலாவும் உண்டு. அதற்கு முன்பதிவு வேண்டும். ஈச்சமரங்கள் அணிவகுத்து நிற்கும் சாலையையும் பழைய கட்டடங்களையும் காண எதுவும் வேண்டியதில்லை. சிறிய ஒயினரியைத் தேர்ந்தெடுக்கும்போது இணைய மதிப்பெண்களை விட வேறொன்றைப் பாருங்கள்: ஊற்றித் தருபவர் அந்தத் தோட்டத்தைத் தெரிந்தவரா? வாரநாள் முற்பகலில் போனால், ஒயினைத் தயாரித்தவரே எதிரே நின்று பேசும் வாய்ப்பு கிடைக்கும். எதுவும் தெரியாதவர் என்று சொல்லிக்கொண்டு கேட்பவரிடம்தான் அவர்கள் மிகுந்த அன்போடு பேசுகிறார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேட்பதற்கு நம்மவர்களுக்கு விஷயம் இருக்கிறது. சேலத்தில் மாம்பழமும், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய பிறகு ஏற்காட்டில் காப்பியும் விளைவதுபோல, பாரோசாவின் கீழ்த்தளத்தில் கருமையும் கனமும் கொண்ட ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின் திராட்சையும், அதை ஒட்டிய உயரமான ஈடன் பள்ளத்தாக்கின் குளிரில் புளிப்புத் துலங்கும் ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின் திராட்சையும் விளைகின்றன. இரண்டையும் ஒரே மேசையில் கேட்டு வாங்கி அடுத்தடுத்துச் சுவைத்தால், உயரம் ஒரு பயிரை என்ன செய்கிறது என்பது நாக்கிலேயே தெரியும். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போய், இனிப்பான போர்ட் வகையில் முடிப்பது வழக்கம்.

இனி, எல்லாவற்றையும் விட முக்கியமானது. ஒருமுறை ஊற்றுவது முப்பது மில்லி அளவுதான். பார்வைக்கு ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் பாரோசா ஷிராஸில் ஆல்கஹால் பதினான்கரை சதவீதம் வரை இருப்பது சாதாரணம். அந்தக் கணக்கில் மூன்று முறை ஊற்றினாலே, ஆஸ்திரேலியாவில் 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' எனப்படும் 10 கிராம் ஆல்கஹால் உடலுக்குள் போய்விடும். ஓர் இடத்தில் ஐந்து வகை என்று இரண்டு இடங்களில் சுவைத்தவர் மூன்றரை டிரிங்க் குடித்தவராகிறார். முழு உரிமம் உள்ளவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் என்பது எல்லை. பழகுநருக்கான எல் பலகையோ, தற்காலிக உரிமத்துக்கான பி பலகையோ வைத்து ஓட்டுபவருக்குப் பூஜ்ஜியம். நீங்கள் புதிதாக வந்தவர், விசாவில் இருப்பவர் என்பதற்காகச் சாலையோரத்தில் ஊதச் சொல்லும் காவலர் சலுகை காட்டமாட்டார். எனவே ஓட்டுபவர் யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அவர் ஒரு மிடறும் விழுங்காதிருக்கட்டும். மேசையில் இருக்கும் துப்பும் பாத்திரம் அலங்காரத்துக்கு அல்ல. ஒயின் தயாரிப்பவர்களே அதில்தான் துப்புகிறார்கள். நம் பழக்கத்தில் அது அவமரியாதையாகத் தோன்றலாம். அங்கே அது தொழில் மரியாதை.

"நாங்க குடிக்கறதில்லையேப்பா, அங்க வந்து என்ன பண்ணப் போறோம்?" என்று கேட்கும் அம்மா அப்பாவையும் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். குடிக்காதவர் உடன் வருவது அங்கே வியப்பான செய்தியல்ல. உணவில் மட்டும் கவனம் தேவை. தட்டில் வைத்துத் தரும் இறைச்சித் துண்டுகளில் பன்றி இறைச்சி இருக்கும். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ, பால் புரதமோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளோ சில இடங்களில் பயன்படுகிறது. முட்டையும் பாலும் லேபிளில் இருக்கும், மீன் பொருள் இருக்க வேண்டியதில்லை. சைவத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் 'வீகன் ஒயின் எது?' என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். வீட்டில் கட்டிய புளியோதரையைச் செல்லர் டோரில் பிரிக்காமல், பாரோசாவின் டனுண்டா ஊருக்கு அருகே மெங்லர் குன்றின் மேல், பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

படம் எடுப்பதற்காகக் கொடிகளுக்குள் இறங்கவே இறங்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி, பாரோசா இருக்கும் தென் ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் இன்னும் நுழையவில்லை. மெல்போர்னை அடுத்த யாரா பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. அங்கே மிதித்த செருப்பின் மண்ணே அதைச் சுமந்து வரப் போதும். 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் டனுண்டாவில் இன்றும் காய்ப்பது அந்தக் காவலால்தான்.

சுவைக்குக் கட்டணம் உண்டு. ஒரு பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள். வாங்கியதைக் கோடை வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிடாமல் துணியில் சுற்றி இருக்கைக்குக் கீழே, ஏசி படும்படி வையுங்கள். சேலத்துக்குக் கொண்டுவர எண்ணினால், இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்குத் தீர்வையின்றி அனுமதிக்கப்படுவது இரண்டு லிட்டர். 750 மில்லி பாட்டில்கள் இரண்டுதான் அதற்குள் அடங்கும்.