எக்ஸ்கவேட்டரில் கன்ட்ரோலர் தொடர்புக் கோளாறு: கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

என்ஜின் ஓடுகிறது. ஆனால் மானிட்டரில் வெப்பநிலை முள் படுத்துக் கிடக்கிறது. த்ராட்டில் டயலைத் திருப்பினாலும் வேகம் மாறுவதில்லை. திரையில் தொடர்பு அறுந்துவிட்டதாக ஒரு கோளாறு எண். இந்த இடத்தில் பலர் நேராகக் கன்ட்ரோலர் (என்ஜின், பம்ப் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மீது பழியைப் போடுவார்கள். நானும் ஒருமுறை நல்ல நிலையில் இருந்த என்ஜின் கன்ட்ரோலரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினேன். கோளாறு எண் அப்படியே நின்றது. கடைசியில் பார்த்தால், இருக்கைக்குப் பின்னால் இருந்த ஒரு கனெக்டருக்குள் இரண்டு பின்களைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருந்தது. அரை நாள் வீண்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். என்ஜின், பம்ப், மானிட்டர் ஆகியவற்றுக்கான கன்ட்ரோலர்கள் அனைத்தும், ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரண்டு வயர்களின் வழியே பேசிக்கொள்கின்றன. இந்த இணைப்புக்குக் கேன் (CAN) என்று பெயர்; வயர்களில் ஒன்று கேன்-ஹை, மற்றது கேன்-லோ. இந்த முதன்மை வயரின் இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். கோடிக்குப் போன சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. கனரக இயந்திரங்களில் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்வதற்கான தரநிலையான ஜே-1939 முறையில் கேன்-ஹை மஞ்சள், கேன்-லோ பச்சை என்பது வழக்கம். ஆனாலும் உங்கள் இயந்திரத்தின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 1: யார் யாரைக் காணோம் என்கிறார்கள்?

பக்கெட்டைத் தரையில் இறக்கி, ஹைட்ராலிக் லாக் லீவரைப் போட்டுவிட்டு, எல்லாக் கோளாறு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அழித்துவிடாதீர்கள். மானிட்டரும் பம்ப் கன்ட்ரோலரும் என்ஜின் கன்ட்ரோலரை மட்டும் காணவில்லை என்றால், சந்தேகம் அந்த ஒன்றின் மீதும் அதற்குச் செல்லும் கிளை வயரின் மீதும்தான். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் காணவில்லை என்றால் முதன்மை வயரில் கோளாறு. எஸ்.பி.என். (கோளாறு எதில் என்று குறிக்கும் எண்) 639 என்று வந்தால் அது ஜே-1939 இணைப்பையே குறிக்கிறது.

படி 2: பேச மறுப்பதற்கு முன், உயிர் இருக்கிறதா?

மின்சாரம் வராத கன்ட்ரோலர் பேசாது. காணாமல் போனதாகச் சொல்லப்படும் கன்ட்ரோலரின் ஃப்யூஸ், 24 வோல்ட் வரத்து, எர்த் மூன்றையும் பாருங்கள். எர்த்தை ஓம் அளவில் பார்ப்பதைவிட, சாவியை ஆன் செய்து, கன்ட்ரோலரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் அளப்பது நல்லது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எங்கோ ஒரு போல்ட் துருப்பிடித்திருக்கிறது.

படி 3: 60 ஓம்

இதுதான் முக்கியமான அளவு. சாவியை ஆஃப் செய்து, கன்ட்ரோலர்கள் அடங்கச் சில நிமிடங்கள் காத்திருந்து, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் அணையுங்கள். வயரில் மின்சாரம் மிச்சமிருந்தால் மீட்டர் பொய் சொல்லும். ஒன்பது பின் கொண்ட வட்ட டயக்னாஸ்டிக் கனெக்டர் இருந்தால், வழக்கமாக சி கேன்-ஹை, டி கேன்-லோ. இரண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள்.

சுமார் 60 வந்தால் இரண்டு ரெசிஸ்டர்களும் முதன்மை வயரும் சரி. 120 வந்தால் ஒரு ரெசிஸ்டர் இல்லை, அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பின்னாளில் பொருத்திய கருவிகளை நினைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் உரசி ஒட்டியிருக்கின்றன.

அப்படி ஒட்டியிருந்தால், மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு கன்ட்ரோலர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அளவு ஏறுகிறதோ, குற்றவாளி அந்தக் கன்ட்ரோலர். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஏறவில்லை என்றால் வயர் கட்டைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ரெசிஸ்டர் சில இயந்திரங்களில் கன்ட்ரோலருக்கு உள்ளேயே இருக்கும். அதைக் கழற்றினால் 120 ஆவது இயல்பு, பதற வேண்டாம்.

தொடக்கக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 60 வந்துவிட்டதே என்று நிம்மதியடைகிறார்கள். கிளை வயர் முழுவதுமாக அறுந்திருந்தாலும் டயக்னாஸ்டிக் கனெக்டரில் 60 வரும். ஏனென்றால் ரெசிஸ்டர்கள் முதன்மை வயரில் இருக்கின்றன. அதனால், காணாமல் போன கன்ட்ரோலரின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்திலும் அளந்து பாருங்கள். அங்கே 60 வர வேண்டும். அந்தக் கன்ட்ரோலருக்குள்ளேயே ரெசிஸ்டர் இருந்தால் 120. ஒன்றும் வரவில்லை என்றால் கிளை அறுந்திருக்கிறது. பின் துளைக்குள் தடித்த மீட்டர் முனையைத் திணிக்காதீர்கள். துளை விரிந்துவிட்டால் நீங்களே புதிய கோளாறை உண்டாக்கியவர் ஆவீர்கள்.

படி 4: வோல்ட்

எல்லாவற்றையும் மாட்டி, சாவியை ஆன் செய்து, ஒவ்வொரு வயரையும் எர்த்தோடு வைத்து அளந்து பாருங்கள். கேன்-ஹை 2.5க்குச் சற்று மேலேயும் கேன்-லோ 2.5க்குச் சற்றுக் கீழேயும் நிற்கும். கூட்டினால் ஏறக்குறைய 5. ஏதாவது ஒன்று பூஜ்யத்தில் கிடந்தால் அந்த வயர் எங்கோ இயந்திரத்தின் உடலைத் தொடுகிறது. 5க்கு மேலே போனால் மின்வரத்து வயரோடு உரசுகிறது.

படி 5: அசைத்துப் பார்த்தல்

வந்து வந்து போகும் கோளாறு அளக்கும்போது மட்டும் ஒளிந்துகொள்ளும். சாவியை மறுபடி ஆஃப் செய்து, மீட்டரை ஓம் அளவில் மாட்டிவிட்டு, இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லி, வயர் கட்டை அங்குலம் அங்குலமாக அசையுங்கள். கேபின் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடம், என்ஜின் அதிர்வில் ஆடும் வளைவு, கிளாம்ப் உடைந்த இடம், தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது நனையும் கனெக்டர்கள் ஆகியவற்றில் அதிக நேரம் செலவிடுங்கள். 60 சட்டென்று 120க்குத் தாவினால் கையை எடுக்காதீர்கள், இடம் அதுதான்.

பச்சை பூத்த பின்னைக் காண்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யலாம்; அரித்துப்போயிருந்தால் பின்னையே மாற்றுங்கள். ரப்பர் சீலையும் பாருங்கள். அறுந்த வயரைச் சேர்த்த பிறகு இரண்டையும் மறுபடி முறுக்கியே விடுங்கள். முறுக்கு அவிழ்ந்த நீண்ட துண்டு வெளி இரைச்சலை வாங்கிக்கொள்ளும்.

இப்போது பழைய எண்களை அழித்து, பூமை ஏற்றி இறக்கி, இயந்திரத்தை இரு பக்கமும் சுழற்றி, என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். எண் திரும்பி வந்து, மேலே சொன்ன அளவுகள் அனைத்தும் சரியாகவே இருந்தால் மட்டும் கன்ட்ரோலரின் போல்ட்டில் ஸ்பேனரை வையுங்கள்.